பச்சைப் பொய்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பஞ்சாயத்தைக் கொண்டாந்து எம் முன்னாடி போட்டீங்க. டப்பாவுல அடைச்ச காயா, ஐஸுல ஒறைய வெச்ச காயா, பச்சைக் காயா, எது ஒசத்தின்னு தாத்தாதான் சொல்லணுமாம். தீர்ப்பு சொல்றவன் சாட்சியை விசாரிக்கணுமில்ல? நீங்க தூங்கினதும் ஃப்ரிட்ஜைத் தொறந்து கீழ்த்தட்டை இழுத்துப் பாத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.

வேரெல்லாம் மீசையா முளைச்ச கேரட். என்னைவிடச் சுருக்கம் விழுந்த ஒரு குடமிளகாய். ஒடிச்சா ஒடியாம வளையற பீன்ஸ். கவருக்குள்ளயே ரசமாப் போன கொத்தமல்லி. பாதி அறுத்த முட்டைகோஸ், அறுத்த பக்கம் கறுத்து. இது அத்தனையும் பச்சைக் காய்ங்கற கணக்குலதான வாங்கினீங்க? அம்மாடி, நீ அன்னைக்கு ஐஸ் பட்டாணி வாங்கின தம்பியைப் பாத்து "செத்த காயைச் சாப்பிடறியா"ன்னு கேட்டியே, இந்தத் தட்டுக்கு நீ என்ன பேர் வெச்சிருக்க?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்காரன். பச்சைக் காய் வித்துத்தான் உங்க அப்பனைப் படிக்க வெச்சேன். அதனால நான் பச்சைக் காய்க்கு வக்காலத்து வாங்கினா பாதி நம்புங்க. அதைக் குத்தம் சொன்னா முழுசா நம்புங்க.

எங்க தக்காளியை நாங்க பழமாப் பறிக்கறதில்ல. செங்காயாப் பறிக்கறோம். பழமாப் பறிச்சா லாரி ஏத்தறதுக்குள்ள சட்னி. பறிச்சது மண்டிக்குப் போகும், ஏலம் முடியும், லாரி ஏறும். சுமார் 70 கிலோமீட்டர்தான் பெங்களூரு, ஆனா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டின்னு ஊர்ந்து கலாசிப்பாளையம் போய்ச் சேரும்போது விடிஞ்சிடும். அங்க மொத்த யாவாரி, அவங்கிட்ட வாங்கறவன், அவங்கிட்ட வாங்கற உங்க கம்பெனிக்காரன், அவனோட குடோன், தரம் பிரிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, உங்க ஏரியாவுல சன்னல் இல்லாத ஒரு கடையில கொண்டாந்து அடுக்கி வெப்பான். நீ ஃபோனைத் தட்டினதும் பத்தே நிமிஷத்துல மணி அடிக்கும். நீயும் பூரிச்சுப் போய் "தாத்தா, பத்து நிமிஷத்துல வந்த ஃப்ரெஷ் தக்காளி"ன்னு நீட்டற. அந்தப் பையன் பைக்குல வந்த நேரம்தான் பத்து நிமிஷம், ராசா. தக்காளி வந்த நேரத்தை அந்த ஆப்புல எவனும் போடறதில்ல.

அப்புறம் அதை நீ என்ன பண்ற? ஃப்ரிட்ஜுல வெக்கற. தக்காளிக்குக் குளிர் ஆகாது. 12 டிகிரிக்குக் கீழ போனா மணமும் போச்சு, பழுக்கற புத்தியும் போச்சு. நடுங்கிக்கிட்டே செவப்பா உக்காந்திருக்கும். கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல இருக்கற ஊருல குடியிருக்கீங்க. மார்கழியில நீங்களே ஸ்வெட்டர் போடறீங்க. தக்காளியைக் கூடையில போட்டு மேடையில வெச்சாப் போதாதா? கத்திரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய்க்கும் அந்த ஆழ்குளிர் ஆகாது. இந்தப் பெங்களூர் கத்திரிக்காய் இருக்கே, நம்ம சௌசௌ, அது வெளியிலயே நாள் கணக்கா வாடாம கெடக்கும். லால்பாக்கைப் பாத்துக்கிட்டிருந்த ஜான் காமரன்னு ஒரு வெள்ளைக்காரரு பழக்கிவிட்ட காய்னு சொல்லுவாங்க. மெக்சிகோவுல பொறந்து, இங்க வந்து, ஊர்ப் பேரையே வாங்கிக்கிட்டு, ஒருத்தருக்கும் தொந்தரவில்லாம இருக்கு. அதையும் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கீங்க.

ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்துல நவம்பர்ல நடக்கற கிருஷி மேளாவுக்கு ஒவ்வொரு வருஷமும் வந்துட்டுப் போறவன் நான். அங்க படிக்கற நம்ம சின்னப் பேத்தி ஒரு கட்டுரை படிச்சுச் சொன்னா. கலிஃபோர்னியாவுல டேவிஸ்ங்கற ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2007-ல இந்த மூணு வகைக் காயையும் பத்தி வந்த ஆராய்ச்சியெல்லாம் அலசி எழுதினதாம். பறிச்ச காயை 4 டிகிரியில, அதாவது நல்ல ஃப்ரிட்ஜுல, ஏழு நாள் வெச்சாங்களாம். பச்சைப் பட்டாணியில வைட்டமின் சி 15 சதவீதம் காணோம். பீன்ஸுல 77 சதவீதம் காணோம். அம்மாடி, போன ஞாயித்துக்கிழமை வாங்கின உன் பீன்ஸுல மிச்சம் என்ன இருக்கும்னு நீயே கணக்குப் போடு, நீதான் டேட்டா சயின்ஸு. கீரை கதை இன்னும் மோசம். பசலையெல்லாம் வெளியில கெடந்தா ரெண்டு மூணு நாள்ல அந்தச் சத்தைத் தொலைச்சுட்டு வெறும் பச்சைத் தாளா நிக்கும்.

தம்பி சிரிக்காத. உன்கிட்ட வரேன்.

ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னாடி பட்டாணி பாக்கெட்டை ஒளிச்சு வெச்சிருக்க. ஏன் ஒளிக்கற? திருட்டுப் பொருளா? அது யோக்கியமான சரக்குதான். பட்டாணியைப் பறிச்ச மணியிலேர்ந்து அதுல இருக்கற சக்கரை மாவா மாற ஆரம்பிச்சுடும். வடக்க பனிக்காலத்துல வெளையறதை அன்னன்னைக்கே ஆலைக்குக் கொண்டுபோய், உரிச்சு, கொதிக்கற தண்ணியில ஒரு ரெண்டு நிமிஷம் முக்கி, சட்டுனு ஆறவெச்சு, ஒவ்வொரு மணியும் தனித்தனியா ஒறையற மாதிரி ஐஸ்காத்து ஊதி மைனஸ் 18-ல வெச்சுடறான். வெந்நீர்ல முக்கறப்ப கொஞ்சம் வைட்டமின் சி போகும், இல்லேன்னு சொல்லல. ஆனா கெடுதல் பண்ற நொதியும் அங்கயே செத்துடும். அதுக்கப்புறம் மாசக்கணக்குல அது அப்படியே கெடக்கும். ஆடி மாசத்துல நாலு ஊர் சுத்தி வந்து மாவா மெல்லற பச்சைப் பட்டாணியைவிட உன் ஒளிச்சு வெச்ச பாக்கெட்டுல சத்து அதிகம் இருந்தாலும் இருக்கும்.

இந்த முறையைக் கண்டவரு கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐன்னு ஒரு அமெரிக்கர். கனடாவோட வடகிழக்குல இருக்கற லாப்ரடார்ல பழங்குடிங்க மீன் பிடிச்சுப் பனிக்காத்துல போட்டதும் நிமிஷத்துல ஒறையறதையும், மாசம் கழிச்சுச் சமைச்சாலும் ருசி மாறாததையும் பாத்துக்கிட்டே இருந்தாராம். மெதுவா ஒறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் துண்டாகிக் காயைக் கிழிச்சுடும், வேகமா ஒறைஞ்சா கிழிக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். 1930-ல கடைக்கு வந்துடுச்சு. இதைத்தான் தம்பி, நீ உன் ஃப்ரீசர்ல தலைகீழாப் பண்ற. மிச்சம் இருக்கற பீன்ஸை அப்படியே உள்ள போட்டுட்டு, வெளிய எடுத்தா ஈரத்துணியா இருக்குன்னு பொலம்பற.

பாக்கெட் வாங்கறப்ப கையில எடுத்துக் குலுக்கிப் பாரு. கலகலன்னு சத்தம் வந்தா வாங்கு. மொத்தமும் ஒரே செங்கல்லா ஒட்டிக்கிட்டிருந்தா அது நடுவுல ஒருதரம் உருகித் திரும்ப ஒறைஞ்சதுன்னு அர்த்தம். கரண்டுக்கார பெஸ்காம் புண்ணியத்துல இந்த ஊருல அது நடக்காத வாரமில்ல. சமைக்கறப்ப உருக வெச்சு ஊற வெச்சு அழகு பாக்காத. அது ஏற்கனவே அரை வேக்காடு. குருமா இறக்கப் போற நேரத்துல அப்படியே கொட்டு.

நீங்க ரெண்டு பேரும் அறியாத ஒரு நாலாவது பட்டாணியும் இருக்கு. காய்ஞ்ச பட்டாணியை ஊற வெச்சு, பச்சைச் சாயத்துல முக்கி, உரிச்ச பச்சைப் பட்டாணின்னு பொட்டலம் கட்டி விக்கறது. மலக்கைட் கிரீன்னு அந்தச் சாயத்துக்குப் பேரு. துணிக்குப் போடறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில கொஞ்சம் பட்டாணியைப் போட்டு அரை மணி நேரம் கழிச்சுக் கலக்கிப் பாருன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்காரங்களே சொல்றாங்க. தண்ணி பச்சையாச்சுன்னா கீழ ஊத்து. கண்ணைப் பறிக்கற பச்சையில இருந்தா "ஃப்ரெஷ்"ஷுன்னு நம்பற ஆளுங்க நீங்க, அதுக்காகச் சொல்றேன்.

பட்டாணி, சோளம் இது ரெண்டுக்கும் ஐஸ் சரி. கேரட்டும் பீன்ஸும் துண்டு போட்ட கலவைப் பாக்கெட் ஒண்ணு வெச்சிருக்கியே, அது எதுக்குப்பா? வருஷம் பூரா கேரட்டும் பீன்ஸும் மாலூருலேர்ந்தும் ஹொஸ்கோட்டேலேர்ந்தும் வந்து எறங்கற ஊரு இது. காலையில ஏழு மணிக்கு உங்க கேட்டுக்கு வெளிய தள்ளுவண்டிக்காரரு "பீன்ஸு, கேரட்டு, நூக்கோலு"ன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. பதினாலாவது மாடிக்கு அது கேக்காதுன்னு எனக்கும் தெரியும். லிஃப்ட் எதுக்கு இருக்கு?

இப்ப டப்பா. அந்த அலமாரியில காளான் ஒண்ணு, பேபி கார்ன் ஒண்ணு, தக்காளிக் கூழ் ஒண்ணு இருக்கு. டப்பா சமாசாரமே சண்டைக்குன்னு பொறந்தது. நெப்போலியன் பட்டாளம் ஊர் ஊராப் போகுது, சோறு கெட்டுப் போகுது. நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரரு காயையும் கறியையும் கண்ணாடிக் குடுவையில போட்டு அடைச்சு, வெந்நீர்ல வேக வெச்சு, கெடாம வெக்கக் கத்துக்கிட்டாரு. 1810-ல அரசாங்கம் அவருக்கு 12,000 ஃபிராங்க் குடுத்துச்சு. ஏன் கெடலைங்கறது அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமிதான் காரணம்னு சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. அதே 1810-ல இங்கிலாந்துல தகர டப்பாவுக்கு உரிமம் வாங்கினாங்க. அதைத் தொறக்கற கருவி வர நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் உளியும் சுத்தியலும்தான். உங்க அப்பாவோட மாமனும் அப்படித்தான். முதல்ல வீட்டைக் கட்டுவாரு, அப்புறம் வாசல் எங்க வெக்கறதுன்னு யோசிப்பாரு.

நம்ம பட்டாளத்துக்கும் சோறு வேணுமே. அதுக்குத்தான் மைசூருல 1961-ல டி.எஃப்.ஆர்.எல்.னு ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் வந்துச்சு. தகரத்துக்குப் பதிலா வளையற பையில அடைச்சு வேக வெக்கற வித்தையில அவங்க கை தேர்ந்தவங்க. சியாச்சின்ல நிக்கற சிப்பாய்க்கு அந்தப் பை தெய்வம். ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டுல சோபாவுல சாஞ்சிருக்கற சிப்பாய்க்கு எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.

டப்பாவை வாங்கறதுன்னா பொடி எழுத்தைப் படி. நிகர எடைன்னு ஒண்ணு, வடிச்ச எடைன்னு இன்னொண்ணு போட்டிருப்பான். காளான் டப்பாவுல தண்ணியை வடிச்சாப் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் காளான் நிக்கும். பால்காரரு ஒரு டம்ளர் தண்ணி கலந்தா அசோசியேஷன் குரூப்புல அறுபது மெசேஜ் போடற ஆளுங்க, பாதி டப்பா உப்புத் தண்ணியைக் காசு குடுத்து வாங்கி, அதைக் கையாலயே சிங்க்குல ஊத்தறீங்க. அந்த உப்புத் தண்ணியை வடிச்சு, காயை நல்லா ரெண்டு அலசு அலசினா உப்பு கொஞ்சம் கொறையும். உனக்கு இல்லேன்னாலும் ரத்தக் கொதிப்புக்காரன் நான் ஒருத்தன் இங்க சாப்பிடறேன். மூடி உப்பியிருந்தா, தொறந்ததும் புஸ்ஸுனு பீச்சினா, மோந்து பாக்கவே வேண்டாம், எறிஞ்சுடு. அதுல வளர்ற ஒரு கிருமி நரம்பையே அடிச்சுப் போட்டுடும்.

தக்காளிக் கூழை மட்டும் நான் திட்ட மாட்டேன். தக்காளியில செவப்புக்குக் காரணமான லைக்கோபீனுங்கற சத்து, சுட வெச்சாத்தான் ஒடம்புக்கு நல்லா ஒட்டும். அதுவுமில்லாம 2023 ஜூலையை மறந்துட்டீங்களா? கோலார் மார்க்கெட்டுல 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டிப் போச்சு. சிக்கஜாலா பக்கம் ரெண்டரை டன் தக்காளியோட ஒரு வண்டியையே கடத்திட்டாங்க. பிடிபட்டது வேலூர்ப் பக்கத்துப் புருசன் பொண்டாட்டி. நம்ம சனம் எதுலயாவது பேர் வாங்கிடுது. செப்டம்பர் வந்ததும் விலை விழுந்து, பல ஊர்ல ரோட்டோரமாக் கொட்டினாங்க. ஜூலையில கூழ் டப்பா வாங்கினவன் புத்திசாலி. செப்டம்பர்லயும் அதையே வாங்கினவனுக்கு என்ன பேர் சொல்றது? அந்த மாசத்துல கூடை கூடையா வாங்கி உங்க பாட்டி மாதிரி தொக்குக் கிண்டி வெச்சா வருஷம் ஓடும். செய்ய மாட்டீங்க, தெரியும்.

ஒரு வேடிக்கை சொல்றேன். நீங்க டப்பாவைக் கேவலமாப் பாக்கறீங்களே, உலகத்துக்கே டப்பாக் காய் போடறது நாமதான். கெர்க்கின்னு ஒரு குட்டி வெள்ளரி. 1990-கள் தொடக்கத்துல கர்நாடகாவுல ஆரம்பிச்சு, தமிழ்நாடு, ஆந்திரான்னு பரவிடுச்சு. சுமார் 90,000 சின்ன விவசாயிங்க கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, 65,000 ஏக்கர்ல போடறாங்கன்னு அரசாங்கமே சொல்லுது. வெதை கம்பெனிக்காரன் தருவான், மருந்து தருவான், எந்தத் தேதியில என்ன பண்ணணும்னு வந்து சொல்லிட்டுப் போவான். தொண்ணூறு நாள் பயிர். பிஞ்சு எவ்வளவு பொடிசோ அவ்வளவு விலை. ஒரு கிலோவுக்கு 160-க்கு மேல நிக்கற பொடிக்கு முதல் விலை. ஒரு நாள் கல்யாணம் காட்சின்னு போய்ப் பறிக்காம விட்டா, மறுநாள் காலையில விரல் மொத்தத்துக்கு உப்பிக்கிட்டு நிக்கும், விலை பாதாளத்துக்குப் போயிடும். பறிச்சதை வினிகர்லயும் உப்புலயும் போட்டு, பீப்பாயிலயும் பாட்டில்லயும் அடைச்சு, அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யான்னு கப்பல் ஏத்தறாங்க. அங்க ஒருத்தன் பர்கருக்குள்ள அதை வெச்சுக் கடிக்கறான். போடறவங்க வீட்டுல ஒருத்தர் அதைத் தின்னு நான் பாத்ததில்ல. எங்க பக்கத்து நெலத்துக்காரரு ஒருதரம் மோர்க்கொழம்புல போட்டுப் பாத்தாரு. மாடும் வேண்டாம்னுடுச்சு.

டொரொண்டோவுல இருக்கற யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க கதை வேற. அங்க பனி கொட்டறப்ப இலங்கையிலேர்ந்து வர டப்பா பலாக்காயும், ஐஸுல வெச்ச முருங்கைக்காயும்தான் அவங்களுக்கு ஊர். அவங்க டப்பாவைத் தொறந்தா நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உங்களுக்கும் கலாசிப்பாளையத்துக்கும் நடுவுல என்ன சமுத்திரமா இருக்கு? டிராஃபிக் நகராத சில்க் போர்டு சிக்னல்தான் இருக்கு. சரி, அது சமுத்திரம்தான்னு வெச்சுக்கோங்க.

பச்சைக் காய் எங்க வாங்கறதுன்னு கேப்பீங்க. கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியறதுக்குள்ள போ. பூ வாசனை தாண்டிப் போனா காய். சிவாஜி நகர்ல ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கு, 1927-ல கட்டினது. அம்புட்டு தூரம் முடியலேன்னா ஹாப்காம்ஸ் கடைக்குப் போ. 1959-ல திராட்சை விவசாயிங்களுக்காக ஆரம்பிச்ச சங்கம் அது, மரிகௌடாங்கற தோட்டக்கலை அதிகாரி முன்னால நின்னு நடத்தினது. போர்டுல விலை எழுதியிருப்பாங்க, பேரம் கெடையாது. பேரம் பேசத் தெரியாத உங்களுக்கு அதான் பாதுகாப்பு. தள்ளுவண்டிக்காரர்கிட்ட வாங்கினாக் கருவேப்பிலை கொசுறு கெடைக்கும். ஆப்புல அதே கருவேப்பிலைக்கு ஒரு விலை, அதைக் கட்டின கவருக்கு ஒரு விலை, "கையாளும் கட்டணம்"னு மேல ஒண்ணு. யாரு எதைக் கையாண்டாங்கன்னு எனக்கு விளங்கல.

கீரை வாங்கறப்ப மட்டும் எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு கேட்டு வாங்கு. பசவனகுடி பக்கத்துல பொறக்கற விருஷபாவதி, மேற்குப் பெங்களூருச் சாக்கடையைப் பூரா சொமந்துக்கிட்டுப் போய் பைரமங்கலா ஏரியில விழுது. வழியில அதே தண்ணியைப் பாய்ச்சறவங்க இருக்காங்க. மண்ணு அலசினாப் போகும், ஈயம் அலசினாப் போகாது. பச்சைப் பசேல்னு இருக்கற கட்டுதான் நல்லதுன்னு எடுக்காத. சாக்கடைத் தண்ணிக்கு எரு ஜாஸ்தி. விக்கற அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சப்சிகே சொப்பு, அதான் சதகுப்பைக் கீரை, ரெண்டு கட்டு எடுத்துக்கிட்டு, "அம்மா, யாவ ஊருது?"ன்னு, எந்த ஊருதுன்னு கேளு. மூஞ்சியைப் பாத்துப் பதில் சொன்னா வாங்கு. வாங்கின அன்னைக்கே சமைச்சுடு. சமைக்கத் தோதில்லேன்னா அன்னைக்கு உன் ஐஸ் பட்டாணியையே போட்டுக்கோ, எந்தப் பாவமும் வராது. ஒளிக்க மட்டும் வேண்டாம்.

அவ்வளவுதான் என் தீர்ப்பு. கட்டணம் இனிமேதான்.

மாகடியிலேர்ந்து அவரைக்காய் வந்து குமிய ஆரம்பிச்சாச்சு. இங்க நடக்கற அவரைக்காய் மேளாவுல அவரைக்காய் தோசை, அவரைக்காய் ஜிலேபின்னு எதுல வேணும்னாலும் போடறாங்க. நமக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம். பனி எறங்கின காயில "சொகடு"ன்னு இவங்க சொல்ற எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் இருக்கே, அது இருக்கற இந்தக் கொஞ்ச நாளுக்கு டப்பாவும் ஐஸும் கிட்ட வரமுடியாது. அதனால நேத்தே மூணு கிலோ வாங்கிட்டு வந்து, நீங்க மீட்டிங்ல இருந்தப்ப உரிச்சு, ஊறவும் போட்டுட்டேன். பிதுக்கம்பருப்புக் கொழம்பு, களி. பிதுக்கியே பாக்கெட்டுல விக்கறான்னு சொல்லாத தம்பி, அதோட விலையையும் பாத்துட்டுத்தான் வந்தேன். லேப்டாப்பை மூடிட்டு ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கு ஒரு கிண்ணம், கீழ பேப்பர் விரிச்சிருக்கேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு மெள்ள அழுத்தணும். வேகமா அழுத்தினா தோல் கையில நிக்கும், பருப்பு டி.வி.யில போய் அடிக்கும். அம்மாடி, நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நேத்துத்தான் கண்ணாடியைத் தொடச்சு மாட்டியிருக்கேன்.